நாலாயிரம் லிட்டரின் எடை

"ஆயா, சும்மா மூடி மறைச்சிக்கினு இருக்காத. டீசலை வித்துட்டுதானே உன் மருமவன் ஊரை வுட்டே ஓடினான்?"

குழாயடியில் ஜீவிதா இப்படிக் கேட்டாள். என் குடம் பாதிகூட நிரம்பவில்லை, அதனால் நான் நிற்க வேண்டியதாயிற்று.

"அவன் வித்தத நீ பாத்தியாடி?"

"நான் எங்க பாத்தேன். எடைதான் சொல்லிச்சே. எடை பொய் சொல்லுமா?"

"உங்க வூட்ல ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா?"

"அரிசி பேச்ச எடுத்து பேச்ச மாத்தாத ஆயா. அவன் உன் புள்ளையவே திருடன்னு சொன்னவன். அவனுக்குப் போயி வக்காலத்து வாங்குறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

 நான் அங்கே பதில் சொல்லவில்லை. குடம் நிரம்பியது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். நான் சொல்கிற வரிசையிலேயே எழுதினால் போதும், நடுவில் அழகுபடுத்த வேண்டாம்.

தனசேகரன் எனக்கு மருமகன் மட்டுமில்லை. மாகறலில் இருந்த என் அண்ணனின் ஒரே மகன். அவன் தாய் சீக்கிரம் போய்விட்டாள். என் மகள் மேரியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டான். திருப்பருத்திக்குன்றத்துக்குப் போகிற வழியில், காலனியில் இருக்கிறது எங்கள் வீடு. "பொண்டாட்டி வூட்ல ஒக்காந்துக்கினு சாப்படுறான்" என்று அன்றைக்கே சிலர் பேசினார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "அத்தை வூடு, எங்கப்பன் பொறந்த வூடு. நான்தான் மொதல்ல வந்திருக்கணும், லேட்டாயிடுச்சி" என்பான்.

அவன் பல வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினான். பாலாற்றில் மணல் மட்டும் கிடக்கிற கோடையில் தெருத் தெருவாகக் கொண்டுபோய் ஊற்றுவான். ஒரு சொட்டு சாராயம் தொடாதவன், ஆனாலும் அவன் தலை தெரிந்தால் பிள்ளைகள் "தண்ணி வண்டி வருது, தண்ணி வண்டி வருது" என்று கத்தும். அவனும் தள்ளாடுவதுபோல நடந்து காட்டுவான். குடம் பிடிக்கிறவர்கள் போதும் என்றாலும் விடமாட்டான். கழுத்து வரைக்கும் நிற்கிற தண்ணீரை விளிம்பு வரைக்கும் கொண்டுவந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழாயை எடுப்பான். இடுப்பில் வைத்ததும் பாதி சிந்தும், பெண்கள் திட்டுவார்கள்.

"சிந்தினா நீ சிந்தினது. கொறச்சி ஊத்தினா நான் ஊத்தினது ஆயிடும்" என்பான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவனுக்கு வாழ்க்கையில் பயம் என்று ஒன்று இருந்தது என்றால் அதுதான். குறைந்தது என்று ஒருவர் வாயால் கேட்டுவிடக் கூடாது.

என் மகன் ராமராஜன் அவனுக்குப் பின்னாலேயே வளர்ந்தவன். அக்கா புருஷன் என்று ஒரு மரியாதை, அண்ணன் மாதிரி ஓர் ஒட்டுதல். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்து, கடைசித் துண்டு மீனுக்குச் சண்டை போடுவார்கள். மேரி, "எருமைங்களா, இன்னொரு தட்டு எடுத்துக்குங்க" என்பாள். எடுக்க மாட்டார்கள்.

பூவராகவன் பட்டு நூல் வியாபாரி. மூன்று தலைமுறை வியாபாரம். நூல் வியாபாரம் கொஞ்சம் படுத்தபோது ஒரு சின்ன டீசல் லாரி வாங்கினார். பெட்ரோல் பங்கில் டீசலை நிரப்பிக்கொண்டுபோய் வாலாஜாபாத் பக்கம் இருக்கிற அரிசி ஆலைகளுக்கும், ஜெனரேட்டர் வைத்திருக்கிற கல்யாண மண்டபங்களுக்கும் ஊற்றுகிற வேலை. தண்ணீர் லாரி ஓட்டியவன் நிதானமாக ஓட்டுவான் என்று தனசேகரனைக் கூப்பிட்டார். துணைக்கு ராமராஜனையும் இவனே சேர்த்துவிட்டான். பங்கில் நிரப்பும்போது தொட்டி மேல் ஏறி, உள்ளே அளவுக்கோலை விட்டு, எண்ணெய் எந்தக் கோடு வரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்த்து "நாலாயிரம், சரி மாமா" என்று குரல் கொடுப்பது ராமராஜன் வேலை. கோலைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருப்பதும் அவன்தான்.

இனி இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் வயசில் ராட்டையில் பட்டு நூல் சுற்றியவள். நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள், சுற்றி முடித்ததை எடை போட்டு வாங்குவார்கள். நெய்கிறவருக்கும் அப்படித்தான். பாவும் ஊடையும் எடை போட்டுப் போகும், புடவை எடை போட்டு வரும். கழிவுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒரு பிடி குறைந்தால் மடியை உதறிக் காட்டச் சொல்வார்கள். நான் உதறிக் காட்டியிருக்கிறேன். இந்த ஊரில் தராசு சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பூவராகவன் அந்தப் பழக்கத்தில் வந்தவர். லிட்டர் கணக்கில் அவருக்கு மனம் நிற்கவில்லை. ஒரு நாள் வெறும் வண்டியை அரிசி ஆலை எடை மேடையில் ஏற்றச் சொன்னார். பிறகு பங்கில் நாலாயிரம் லிட்டர் நிரப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றச் சொன்னார். எண்ணெய் மட்டும் மூவாயிரத்து முன்னூற்று இருபது கிலோ நின்றது.

தனசேகரனை நூல் கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

"ஏம்பா, தண்ணி லாரி ஓட்டினியே, நாலாயிரம் லிட்டர் எவ்ளோ எடை வரும்?"

"நாலு டன்னு வரும் மொதலாளி."

"இது மூணே காலுக்கு கொஞ்சம் மேலதான் இருக்குது. மீதி எங்க?"

இவனும் அதை நம்பிவிட்டான். தண்ணீரில் பழகியவன் அல்லவா. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் என்பது அவன் கையிலும் காலிலும் ஊறிக் கிடந்தது. பிரேக் மிதிக்கிற காலுக்கே அது தெரியும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று யாருக்குத் தெரியாது? குழம்பு வைக்கிற எல்லாருக்கும் தெரியும். மிதக்கிறதே என்று யாராவது அதை எடை போட்டுப் பார்த்திருக்கிறோமா?

"பங்க்ல கேக்கட்டுமா மொதலாளி?"

"கேட்டுத் தொலைக்காத. அவுங்க உஷாராயிடுவாங்க. மேல ஏறி கோல் பாக்குறவன் யாரு? அவன்கிட்ட இருந்து ஆரம்பி."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் தட்டு முன்னால் உட்கார்ந்தான், ராமராஜன் கை வைத்ததும் எழுந்துவிட்டான். "பசிக்கல" என்றான். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த முறை அவனே தொட்டி மேல் ஏறிக் கோலை விட்டுப் பார்த்தான். நாலாயிரம் கோடு நனைந்திருந்தது. எடை மேடையில் அதே குறைவு. அப்போதாவது தெளிந்திருக்க வேண்டும். சந்தேகம் புகுந்த மனசு அப்படிப் போகுமா? கோலை மாற்றிவிட்டான் என்று நினைத்தான். கோட்டை அழித்து வேறு இடத்தில் போட்டுவிட்டான், பெட்ரோல் பங்க் ஆளோடு சேர்ந்துகொண்டான் என்று நினைத்தான். கோலைச் சந்தேகப்பட்டான், கோலைப் பிடித்த கையைச் சந்தேகப்பட்டான். தராசு மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. நான் சொன்னேனே, அவனும் இந்த ஊரில் வாழ்ந்தவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேரி கோயிலிலிருந்து வந்து சோறு வடித்திருந்தாள். அடுத்த தெருவில் தனிக் குடித்தனம் இருந்த ராமராஜனும் அவன் மகள் எஸ்தரும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் அப்போது ஒண்ணாவது படித்தாள். தனசேகரன் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடும். அன்றைக்கும் மடியில் ஏறி உட்கார்ந்தது.

இவன் அதன் தலையைத் தடவிக்கொண்டே, "ராமு, கேட்டா தப்பா எடுத்துக்காத. டீசல் எங்கடா போவுது?" என்றான்.

"இன்னா மாமா, எந்த டீசல்?"

"லோடுக்கு அறுநூறு எழுநூறு கொறையுது. எடை போட்டுப் பாத்தாச்சி. நீதான் மேல ஏறுற."

ராமராஜன் முதலில் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். பிறகு இவன் முகத்தைப் பார்த்தான்.

"நான் எடுத்தேன்னு சொல்றியா?"

"எடுத்தேன்னு சொல்லல. எடுக்கலன்னு நீ சொல்லு, போதும். தோ, உன் பொண்ணு தலையில கை வெச்சி சொல்லு. நான் மொதலாளிகிட்ட போயி பேசிக்கிறேன்."

பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது எங்களுக்குக் கடைசிச் சத்தியம். அதற்கு மேல் கோர்ட்டும் கிடையாது, சாமியும் கிடையாது. மெய் சொல்கிறவனும் அதற்குச் சுலபத்தில் துணியமாட்டான்.

ராமராஜன் மகளைப் பார்த்தான். அது ஒன்றும் புரியாமல் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

"உன் எண்ணெய்க்கு எம்பொண்ணு தலை வேணுமா மாமா?"

"எடுக்கலன்னா வெக்கிறதுக்கு இன்னா பயம்?"

"பயமில்ல. வெக்க மாட்டேன்."

"டேய், வெச்சிட்டுப் போடா" என்று மேரி அழுதாள். "தம்பி, ஒரு நிமிஷ வேலைடா" என்றாள். அவன் கேட்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "நீயும் வெக்க சொல்றியாம்மா?" என்று கேட்டான். நான் சொல்லமாட்டேன் என்றேன். அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். என் பேத்தி தலை எண்ணெய் அளக்கிற மரக்கால் இல்லை.

அவன் போய்விட்டான். பெண்டாட்டி பிள்ளையோடு வாலாஜாபாத்தில் மாமியார் வீட்டுப் பக்கம் குடி போய், ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். அதற்குள் ஊரில் பேச்சு ஆகிவிட்டது. சத்தியம் பண்ண மாட்டேன் என்றானாமே, அப்படியானால் அவன்தான். வேறு யாரும் சொல்லவில்லை, சொந்த அக்கா புருஷனே சொன்னான், அப்படியானால் அவன்தான்.

ராமராஜன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். புதுக் கோல் வாங்கினார்கள். மறுபடியும் எடை மேடையில் ஏற்றினார்கள். அதே மூவாயிரத்து முன்னூற்று இருபது.

பூவராகவன் தனசேகரனை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். "மச்சான் போயிட்டான். கொறைச்சல் போவலியேப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான், கேட்கக் கூடாது என்ற பங்கில் போய்க் கேட்டான். அங்கே லில்லி என்று ஒரு பெண் வேலை செய்கிறாள், காலையில் வண்டிகள் வருவதற்கு முன்னால் ஒரு நீளக் கண்ணாடிக் குடுவையில் டீசலை ஊற்றி, அதில் ஒரு கண்ணாடிக் குச்சியை மிதக்க விட்டு எண் பார்க்கிறவள். தினமும் இவன் கண் முன்னால்தான் செய்திருக்கிறாள். இவன் என்ன ஏது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டான்.

"அடர்த்தி பாக்கறேண்ணே. ஒரு லிட்டர் எத்தினி கிராம் இருக்குதுன்னு. எண்ணூத்தி முப்பது வருது. வெயில்ல கொஞ்சம் கொறையும், குளுந்தா கொஞ்சம் ஏறும்."

"ஒரு லிட்டர்னா ஒரு கிலோ இல்லியாம்மா?"

"அது தண்ணிக்குண்ணே. டீசல் லேசு."

இவன் எடைமேடைக் கணக்கைச் சொன்னான். அவள் போனில் தட்டினாள். மூவாயிரத்து முன்னூற்று இருபதைப் புள்ளி எட்டு மூன்றால் வகுத்தால் சரியாக நாலாயிரம் வருகிறது என்று காட்டினாள். "ஒரு சொட்டு கொறையலியேண்ணே, யாரு கொறையுதுன்னு சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். வகுத்தல் எனக்குத் தெரியாது. அரிசி அளக்கிற படியில் பொரியை அளந்தால் படி நிறையும், தராசு நிறையாது. அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான் என் வீடு போயிற்று.

அங்கிருந்து நேரே நூல் கடைக்குப் போயிருக்கிறான். பூவராகவன் நம்பவில்லை. பட்டு நிறுக்கிற தராசிலேயே ஒரு லிட்டர் பாட்டிலை வெறுமையாக வைத்து, பிறகு டீசல் ஊற்றி வைத்துப் பார்த்தார். எண்ணூற்று முப்பது கிராம் நின்றது. பாட்டிலை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாராம்.

"சரி வுடு. போனது போவட்டும். நாளைக்கு வண்டி எடு."

"ராமராஜன் மொதலாளி?"

"அவனையும் வரச் சொல்லு. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?"

அவர் கெட்டவர் இல்லை. கடையில் இரண்டு நூல் கட்டு இடம் மாறினால் எடுத்து மாற்றி வைப்பதுபோல அவருக்கு அது முடிந்துவிட்டது. யாரிடமும் போய் அந்தப் பையன் எடுக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அது தன் வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை.

தனசேகரன் வாலாஜாபாத்துக்கு ஓடினான். நானும் கூடப் போனேன். ஆலை வாசலில் ராமராஜன் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் உமித் தூசி. இவன் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். குடுவை, குச்சி, எண்ணூற்று முப்பது, வகுத்தல், எல்லாம். "ஒண்ணுமே கொறையலடா ராமு. ஒரு சொட்டுகூட. நீ எடுக்கலடா" என்றான்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் மாமா. எனக்கு எதுக்கு சொல்ற?"

"தப்பு பண்ணிட்டேன்டா. வா, வூட்டுக்குப் போலாம்."

ராமராஜன் துண்டை அவிழ்த்து உதறினான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கி கிலோ சொன்னத நம்பின. இன்னிக்கி லிட்டர் சொல்றத நம்புற. என்னை எப்ப மாமா நம்பின?"

இவன் அவன் கையைப் பிடிக்கப் போனான். ராமராஜன் எழுந்துவிட்டான்.

"அம்மா, உன்ன பாக்கணும்னா நீ இங்க வா. அந்த வூட்ல இவுரு இருக்கிற வரைக்கும் நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ராமராஜன் உள்ளே போய்விட்டான்.

திரும்பி வந்ததும் இவன் வீடு வீடாகப் போனான். ஒரு பாட்டிலில் டீசலையும் இன்னொன்றில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய், இரண்டையும் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். "எது லேசு சொல்லு, எது லேசு சொல்லு" என்று கேட்டான். ஜீவிதா வீட்டுக்கும் போனான். அவள் தூக்கிப் பார்த்தாள், ஆமாம் லேசுதான் என்றாள். இவன் தெருமுனை திரும்புவதற்குள், "மாமியா வூட்ல சோறு நிக்கணுமில்ல, அதான் இப்ப மாத்திப் பேசுறான்" என்றாள். சிலர் பாட்டிலை வாங்கவே இல்லை. "அன்னிக்கி நீதானேப்பா சொன்ன" என்றார்கள். பிறகு அதே வாய்கள், மச்சானும் மாமனும் கூட்டுத் திருட்டு, பங்கு பிரிப்பதில் சண்டை என்று பேசின. திருடன் என்று அவன் ஒரு தடவைதான் சொன்னான், அதுவும் கேள்வியாகத்தான் கேட்டான். இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அதை அழிக்க முடியவில்லை.

அவன் வண்டி ஓட்டுவதும் குறைந்துபோயிற்று. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்வான், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு. மேரி அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். ராமராஜன் அவளுக்குத் தம்பி, இவன் புருஷன். அவள் யாரோடு சண்டை போடுவாள்? யாரோடும் போடவில்லை, பேசுவதையே விட்டுவிட்டாள்.

அந்தக் காலையில் மேரி தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவன் குளித்து, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கையில் ஒரு பை.

"வண்டிக்காப்பா?"

"சாவிய நேத்தே குடுத்துட்டேன் அத்தே."

"பின்ன எங்க?"

"எங்கியாச்சும் ஓட்டிக்கினு இருப்பேன். மேரிகிட்ட சொல்லிட்டேன்."

"அவ இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

நான் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்து போய் வாசல் சட்டத்தில் கையைக் குறுக்கே வைத்தேன். "இது என் வூடு. நான் சொல்றவங்கதான் இங்க இருக்கலாம். நீ இரு" என்றேன்.

"ராமு வரணும் அத்தே. நான் உள்ள இருக்கிற வரைக்கும் வர மாட்டான். உன் புள்ள உன் வூட்டுக்கு வரணும் இல்ல?"

"வரலன்னா போறான். கழுதை, அவனுக்கு எவ்ளோ கொழுப்பு."

"அவன்மேல தப்பு இல்ல அத்தே. அவன திட்டாத."

"அப்ப நீ மட்டும் யாருடா? எங்கண்ணன் ரத்தம் இல்லியா?"

கொஞ்சம் சிரித்தான். பல நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பிடித்தான், விளிம்பு வரை நிரம்பின குடத்தைப் பிடிப்பதுபோல, சிந்தாமல். மெதுவாக இறக்கி விட்டான். எனக்குப் பலம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் கையைத் தட்டிவிட என்னால் முடியவில்லை.

ஜீவிதா கேட்டதற்கு இதுதான் பதில். அவன் எதையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. என் மகனுக்கு வழி விட்டுப் போனான். மகன் இன்னும் வரவில்லை. அது வேறு பேச்சு, அதை நான் இங்கே பேச மாட்டேன்.

படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டினான். ராமராஜனுடைய பழைய செருப்பு ஒரு ஜோடி அங்கேயே கிடந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. அதைக் கையால் நகர்த்தி, உள்ளே வந்தவன் கழற்றி விட்ட மாதிரி வீட்டைப் பார்க்க ஒழுங்காகத் திருப்பி வைத்தான். எழுந்து வெளியே போனான்.